கோடும் தளமும் கனமும்

வானொலிப் பெட்டியின் திருகியைத் திருப்பும்போது ஒவ்வோர் எண்ணிலும் ஒவ்வொரு நிலையம் பேசுகின்றது. நிலையங்கள் சிலவாகவும் ஒன்றுக்கொன்று தொலைவாகவும் இருந்தாற் கேட்பவர்க்குத் தொல்லையில்லை. பல நிலையங்கள் நெருங்கிய எண்களில் ஒலிபரப்புமாயின், ஒன்றன் குரல்மேல் மற்றொன்றன் குரல் படிந்து இரைச்சல் ஒன்றே எஞ்சும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அணுக்கருக்களின் குரலைக் கேட்கத் தொடங்கிய விஞ்ஞானிகளை எதிர்நோக்கிய இடர்ப்பாடும் இதுவே. அதனை அவர்கள் தீர்த்த வழி வியத்தற்குரியது. ஒரு கோட்டில் நெருங்கிக் கிடந்த குரல்களை எடுத்து ஒரு தளத்திற் பரப்பினர். தளமும் நிரம்பியபோது தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கனமாக்கினர். அப்பால் வேறொரு தடை குறுக்கிட்டது. மனிதனின் கண் ஒரு வேளையில் ஒரு தளத்தையே தெளிவாகப் படிக்கும். எனவே, அடுக்கிய தளங்களை எவ்வாறு காத்து வைப்பது, எத்திசையிற் புரட்டுவது, ஒரு தளத்திற் கண்டதை அடுத்த தளத்தோடு எவ்வாறு ஒப்புநோக்குவது என்னும் வினாக்கள் எழுந்தன. அவ்வினாக்களும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளும் கருக்காந்தப் பரிவு என்னும் கலையின் வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டியவை.

முதற்கண் இக்குரல் எங்கிருந்து பிறக்கின்றது? ஐதரசன் அணுவின் கருவாகிய புரோத்தன் நுண்ணியதொரு காந்தம் போன்றது. வலிமை மிக்க காந்தம் ஒன்றன் இடையே அதனை வைத்தால், சாய்ந்து சுழலும் பம்பரம் போல, அக்காந்தப் புலத்தின் திசையைச் சுற்றி அது வட்டமிடும். ஒரு செக்கனில் அது எத்தனை முறை வட்டமிடுகின்றதோ, அத்தனை முறை அதிரும் வானொலி அலையை அதன்மேற் செலுத்தினால், கரு அவ்வலையின் ஆற்றலை ஏற்றுக்கொள்ளும். ஊஞ்சலின் ஆட்டத்தோடு ஒத்த வேளையிற் கைகொடுத்துத் தள்ளினால் அது மேன்மேலும் உயர்வதை ஒத்தது இது. இவ்வாறு ஒத்தியைவதைப் பரிவு என்பர். செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்னும் கணக்கை மீடிறன் என்பர். எந்தெந்த மீடிறனிற் பரிவு நிகழ்கின்றது என்பதை வரிசையாகக் காட்டும் படமே திருசியம். நிறமாலை என்று வழங்குவதும் அதுவே.

பரிவு என்னும் இந்நிகழ்ச்சியை 1938 இல் அமெரிக்காவில் இசிடோர் றாபி என்பார், வெற்றிடத்திற் பாயும் மூலக்கூற்றுக் கற்றைகளிற் கண்டார். அதற்கு 1944 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆயினும் கண்ணாற் காணத்தக்க சாதாரணப் பொருளொன்றில் இதனைக் கேட்டறிதல் இயலுமா என்பது தெரியாதிருந்தது. போர் முடிந்தவுடன், 1945 டிசெம்பரில், ஹாவாட் பல்கலைக்கழகத்தில் எட்வேட் பேர்செல், றொபேட் பவுண்ட், ஹென்றி ரொறி ஆகிய மூவரும் பரபின் மெழுகில் அதனைக் கண்டனர். அவர்கள் செலுத்திய அலை செக்கனுக்கு ஏறத்தாழ 3 கோடி முறை அதிர்வது. சிற்றலை வானொலியின் மேல் எல்லையை ஒட்டியது. சில வாரங்களுள், 1946 இன் தொடக்கத்தில், ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் பீலிக்ஸ் புளொக்கும் அவருடைய தோழர்களும் நீரில் அதனைக் கண்டனர். ஒரு குழுவினர் செய்வதை மற்றக் குழுவினர் அறியார். பேர்செலும் புளொக்கும் 1952 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒரே வகைக் கருக்கள் யாவும் ஒரே மீடிறனிலேயே குரல் கொடுக்கும் என்பது பௌதிகவியலாளரின் எதிர்பார்ப்பு. 1950 இல் அவ்வெதிர்பார்ப்புக் குலைந்தது. ஸ்ரான்போட்டில் புறொக்ரர், யூ என்னும் இருவர் அமோனியம் நைத்திரேற்றின் நைதரசன் கருவை ஆராய்ந்தபோது, ஒரு கோடு தோன்றவேண்டிய இடத்தில் இரு கோடுகள் தோன்றின. அவ்வுப்பில் நைதரசன் இரு வேறு சூழல்களில் இருப்பதே அதற்குக் காரணம். கருவைச் சூழ்ந்துள்ள இலத்திரன்கள் வெளிக்காந்தத்தைச் சிறிது மறைப்பதால், அணு அமர்ந்துள்ள இடத்துக்கேற்ப அதன் மீடிறன் சற்றே விலகுகின்றது. கருவின் காந்த வலிமையைத் திட்டமாக அளக்க விரும்பியோர்க்கு இஃது இடையூறு, இரசாயனவியலாளர்க்கோ புதையல். 1951 இல் ஆணல்ட், இந்தியரான தர்மட்டி, பக்காட் ஆகியோர் எதைல் அற்ககோலின் திருசியத்தில் மூன்று தனிக் கோடுகளைக் காட்டினர். அவற்றின் பரப்புகள் 1, 2, 3 என்னும் விகிதத்தில் இருந்தன. அம்மூலக்கூற்றில் ஐதரசன் அணுக்கள் மூன்று இடங்களில் அமர்ந்துள்ள கணக்கும் அதுவே. மூலக்கூற்றின் அமைப்பை, அதனைச் சிதைக்காமலே, வானொலி அலையாற் படிக்கலாம் என்பது தெளிவாயிற்று.

அக்காலக் கருவியில் மீடிறன்களை ஒவ்வொன்றாகத் தடவிச் செல்லவேண்டியிருந்தது. வானொலித் திருகியை மிக மெதுவாகத் திருப்பி, குரல் கேட்கும் இடங்களைக் குறித்துக்கொள்வது போன்றது அது. திருசியத்தின் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கும். வெறுமையைத் தடவுவதிலேயே காலம் கழியும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த றிச்சாட் ஏர்ண்ஸ்ட், அமெரிக்காவில் வேரியன் நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில், வெஸ்ரன் அன்டர்சனோடு சேர்ந்து 1964 இல் இதற்கு மாற்றுக் கண்டார். குறுகிய வலிய வானொலித் துடிப்பொன்றை ஒருங்கே செலுத்தினால் எல்லாக் கருக்களும் ஒரே வேளையிற் குரல் கொடுக்கும். கோயில் மணிகள் பலவற்றை ஒரே கணத்தில் அடித்துவிட்டு, தேய்ந்து மறையும் கலப்பொலியைப் பதிந்துகொள்வது போன்றது இது. கலந்த ஒலியிலிருந்து தனித்தனிச் சுருதிகளைப் பிரித்தெடுக்கும் கணித முறையைப் பிரெஞ்சு அறிஞர் பூரியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தந்திருந்தார். ஆனாற் கணக்கு மிக நீண்டது. அளவைகளைத் துளையிட்ட நாடாவிற் பதிந்து, அட்டைகளுக்கு மாற்றி, வேறிடத்திலிருந்த பெருங்கணினிக்குக் கொண்டு செல்லவேண்டியிருந்தது. இம்முறையை விளக்கிய கட்டுரையை ஒரு சஞ்சிகை இருமுறை மறுத்தது. 1966 இல் வேறொரு சஞ்சிகை அதனை வெளியிட்டது. அவ்வேளையில், 1965 இல், கூலி, ரூக்கி என்போர் பூரியே கணக்கை விரைந்து செய்யும் முறையை வெளியிட்டதும் இக்கலைக்குப் பெருந்துணையாயிற்று.

இதுவரையும் திருசியம் ஒரு கோடே. அதனைத் தளமாக்கும் எண்ணம் பெல்ஜியத்திலிருந்து வந்தது. பிறசெல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் ஜீனர், 1971 இல், அன்றைய யூகோசிலாவியாவின் பஸ்கோ போல்ஜே என்னும் ஊரில் நடந்த கோடைப் பள்ளியில் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். ஒரு துடிப்புக்குப் பதிலாக இரு துடிப்புகளைச் செலுத்துக. அவற்றிடையே உள்ள காத்திருப்புக் காலத்தைப் படிப்படியாக நீட்டுக. ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு பதிவு எடுக்க என்பதே அவர் கூறியதன் சாரம். பதிவின் உள்ளே ஓடும் காலம் ஒன்று. பதிவுக்குப் பதிவு நீளும் காத்திருப்புக் காலம் மற்றொன்று. காலம் இரண்டாதலின் பூரியே கணக்கை இருமுறை செய்யலாம். மீடிறன் அச்சும் இரண்டாகும். ஜீனர் அவ்விரிவுரையை உடனே அச்சிற் கொணரவில்லை. அவருடைய குறிப்புகள் பின்னர் 1994 இலேயே ஒரு நூலில் இடம்பெற்றன.

விரிவுரையைக் கேட்டிருந்தவர்களுள் தோமஸ் பவுமன் என்னும் மாணவர் ஒருவர். அவர் சூரிச் நகரிலே தம் ஆசிரியரிடம் இச்செய்தியைக் கொண்டுசென்றார். அவ்வாசிரியர் 1968 இல் தாயகம் திரும்பியிருந்த ஏர்ண்ஸ்டே. 1974 இல் ஏர்ண்ஸ்டின் ஆய்வுகூடத்தில் இருபரிமாணப் பரிசோதனை நிறைவேறியது. அதன் கொள்கையை விரிவாக விளக்கிய கட்டுரை 1976 இல் வெளிவந்தது. மூல எண்ணம் ஜீனருக்கே உரியது என்பதை ஏர்ண்ஸ்ட் தம் எழுத்துகளிலும் நோபெல் பேருரையிலும் ஒளியாமற் கூறினார். அச்சேறாத ஓர் எண்ணத்துக்கு உரியவரை உலகம் மறவாதிருப்பது பெரும்பாலும் இத்தகைய நேர்மையாலேயே. ஏர்ண்ஸ்டுக்கு 1991 இல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் மொஸ்கோவிலிருந்து நியூயோர்க்குக்குப் பறந்துகொண்டிருந்தார். செய்தியை அவருக்குத் தெரிவித்தவர் விமானி. அவர் 2021 இல் காலமானார்.

இருபரிமாணத் திருசியம் பார்வைக்குத் தேசப்படத்தை ஒத்தது. மலைநாட்டின் உயரங்களைச் சமவுயரக் கோடுகளாற் காட்டுவதுபோல, பரிவு வலிமையான இடங்கள் வட்ட வட்டமான கோடுகளாற் சூழப்பட்ட சிகரங்களாகத் தோன்றும். மூலைவிட்டத்தின் மீது கிடப்பவை பழைய ஒருபரிமாணக் கோடுகளே. புதிய செய்தி மூலைவிட்டத்துக்கு வெளியே இருக்கின்றது. அங்கே ஒரு சிகரம் நின்றால், அதன் இரு அச்சுகளிலும் குறிக்கப்படும் இரு கருக்களுக்கும் உறவு உண்டு என்பது பொருள். அவ்வுறவு பிணைப்புகளின் வழியாக வந்ததாகலாம். அன்றி வெளியில் அவை அருகருகே இருத்தலால் வந்ததாகலாம். 1980 இல் இந்தியரான அனில் குமார், ஏர்ண்ஸ்டோடும் குர்ட் வியூட்ரிச் என்பவரோடும் சேர்ந்து, இரண்டாம் வகை உறவைப் புரதம் ஒன்றின் திருசியத்திற் காட்டினார். அங்கே சிகரம் தோன்றுமாயின் இரு ஐதரசன் கருக்களும் ஒரு மில்லிமீற்றரின் 20 இலட்சத்தில் ஒரு பங்குத் தூரத்துக்குள் இருக்கின்றன எனலாம். அத்தகைய தூரங்கள் பலவற்றைச் சேகரித்தால், மடிந்து சுருண்ட புரதத்தின் முழு வடிவத்தையும் கணக்கிட்டு அறியலாமன்றோ?

வியூட்ரிச் குழுவினர் 1985 இல் அவ்வாறே ஒரு சிறு புரதத்தின் வடிவத்தை வெளியிட்டனர். அதனைப் பலர் நம்பவில்லை. அதையொத்த வேறொரு புரதத்தின் வடிவம் பளிங்குகளை எக்ஸ் கதிர்களால் ஆராயும் முறையால் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதனைப் பார்த்தே இதனை வகுத்தனரோ என்னும் ஐயம் எழுந்தது. ஐயத்தைத் தீர்க்கும் வழியைக் காட்டியவர் பளிங்காராய்ச்சியில் வல்லவரான றொபேட் ஹூபர். வடிவம் எவருக்கும் தெரியாத தென்டாமிஸ்ரற் என்னும் 74 அமினோவமிலப் புரதத்தை இரு தரப்பினரும் தனித்தனியே ஆராய்வது என்று முடிவாயிற்று. 1986 இல் இரு விடைகளும் வெளியாயின. அவை ஒன்றோடொன்று இயைந்தன. வானொலி அலையாற் கண்ட வடிவத்தின்மேல் நம்பிக்கை பிறந்தது அப்பொழுதே. வியூட்ரிச் 2002 இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஆயினும் தென்டாமிஸ்ரற் சிறிய புரதம். உடலிற் பணிபுரியும் புரதங்கள் பல அதனினும் பெரியவை. அமினோவமிலங்கள் நூற்றுக்கு மேற்பட்டால் தளமும் நெரிசற் பட்டது. சிகரத்தின்மேல் சிகரம் விழுந்தது. முன்னர் கோட்டில் நேர்ந்த இடர்ப்பாடு இப்போது தளத்தில் நேர்ந்தது. பரிகாரமும் முன்னையதே. துடிப்புகளை மூன்றாக்கி, நீளும் காத்திருப்புக் காலங்களை இரண்டாக்கினால் மூன்றாவது அச்சொன்று பிறக்கும். 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் ஏர்ண்ஸ்டின் குழுவினரும், ஒல்லாந்தின் உற்றெக்ற் நகரிற் கப்ரைனின் குழுவினரும் பிறரும் முப்பரிமாணத் திருசியங்களைப் பெற்றனர். அமெரிக்காவின் பெதஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிலையங்களில் பணியாற்றிய அட் பக்ஸ், மாரியஸ் குளோர், அஞ்சலா குறொனென்போர்ன், லூயிஸ் கே, மித்சு இக்குரா முதலியோர் இம்முறையைப் பெரும் புரதங்களுக்குப் பயன்படுத்தினர்.

அவர்கள் கையாண்ட உத்தி ஒன்றைக் கூறுதல் தகும். இயற்கையிலுள்ள காபனிலும் நைதரசனிலும் இம்முறைக்கு ஏற்ற சமதானிகளாகிய காபன் 13 உம் நைதரசன் 15 உம் மிகச் சொற்பம். முன்னையது நூற்றுக்கு ஒன்றளவு, பின்னையது அரை வீதத்துக்கும் குறைவு. ஆகவே அச்சமதானிகள் நிறைந்த உணவைப் பற்றீரியாக்களுக்கு ஊட்டி, அவற்றைக்கொண்டே புரதத்தை ஆக்குவித்தனர். அப்போது ஓர் அச்சில் ஐதரசன், இன்னோர் அச்சில் நைதரசன், மூன்றாம் அச்சிற் காபன் என அமைக்கலாம். 1990 இல் 148 அமினோவமிலங்களைக் கொண்ட கல்மொடுலின் என்னும் புரதத்தை இவ்வாறு படித்தனர். அத்திருசியங்களுள் ஒன்றில், ஒவ்வோர் அமினோவமிலத்தின் நைதரசனும் தன் சொந்தக் காபனையும் தனக்கு முன்னுள்ளதன் காபனையும் காட்டும். ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாகத் தொடுக்கும் அந்தாதியைப் போல, ஒன்றிலுள்ள காபனின் மீடிறனைக் கொண்டு அடுத்ததைத் தேடிச் சங்கிலி முழுவதையும் தொடுத்துவிடலாம். அதே ஆண்டில் நான்கு பரிமாணத் திருசியமும் கைகூடிற்று. 1991 இல் இன்ரலூக்கின் 1 பீற்றா என்னும் 153 அமினோவமிலப் புரதத்தின் வடிவம் வெளியாயிற்று.

இத்தகைய பதிவுக்கு வேண்டும் காலத்தை ஒரு கணக்கால் உணரலாம். முதற் காத்திருப்பை 128 படிகளாகவும் இரண்டாவதை 64 படிகளாகவும் நீட்டினால் 8192 பதிவுகள் வேண்டும். இரைச்சலை அடக்குதற்கு ஒவ்வொன்றையும் 16 தடவை, தடவைக்கு ஒரு செக்கனாக எடுத்தாலும் 131,072 செக்கன், அதாவது ஒன்றரை நாள் செல்லும். இவ்வாறு பெற்ற கனத்தை எவராலும் கண்ணால் முழுமையாகக் காணல் இயலாது. அதனைத் தளம் தளமாக அறுத்தே பார்க்கவேண்டும். இருபரிமாணத் திருசியத்தைப் பெரிய தாளில் வரைந்து, அடிமட்டமும் பென்சிலும் கொண்டு சிகரங்களைக் குறித்தவர்க்கு, நூற்றுக்கு மேற்பட்ட தளங்களை அவ்வாறு குறித்தல் எளிதன்று. கணினி வழிச் செய்நிரல்கள் இன்றியமையாதவையாயின. 1989 இல் பெர் கிறாவுலிஸ் அன்சிக் என்னும் செய்நிரலை வெளியிட்டார். 1991 இல் வியூட்ரிச் குழுவினரின் ஈசி என்னும் செய்நிரலும், 1995 இல் அதன் வளர்ச்சியாகிய எக்ஸ் ஈசியும் வந்தன.

கனத்தைக் கணினியிற் சேமிக்கும் வகை இரண்டு. ஒன்று ஏட்டு முறை எனலாம். பனையோலைச் சுவடியில் ஒவ்வோர் ஏடும் தனித்திருப்பதுபோல, ஒவ்வொரு தளமும் ஒரு தனிக் கோப்பாக இருக்கும். கோப்புகளின் பெயரீற்றில் 001, 002, 003 என எண்கள் அமையும். பெதஸ்டாவில் பிராங்க் டெலாக்லியோ முதலியோர் ஆக்கி 1995 இல் வெளியிட்ட என்.எம்.ஆர். பைப் என்னும் செய்நிரற்றொகுதி பெரும்பாலும் இவ்வாறே செய்கின்றது. ஏட்டின்மேல் உள்ளதைப் படிப்பது எளிது. ஆனாற் சுவடியைத் துளைத்துச் செல்லும் கயிற்றின் திசையிற் படிக்க விரும்பினால் யாது செய்வது? எல்லா ஏடுகளையும் அவிழ்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரியை மட்டும் எடுத்துச் சேர்க்கவேண்டும். அத்தொகுதியில் இப்பணிக்கென்றே ஒரு செய்நிரல் உண்டு. அஃது ஏடுகளை வாசித்து, வேண்டிய அச்சு முன்னிற்குமாறு திசைமாற்றி, நீர் குழாயில் ஓடுவதுபோல அடுத்த செய்நிரலுக்கு எண்களை ஓடவிடும். அங்கே கணக்கு முடிந்தபின் மற்றொரு செய்நிரல் அவற்றை மீண்டும் ஏடுகளாக எழுதிவைக்கும்.

மற்றையது செங்கல் முறை. கனத்தைச் சிறு சிறு கட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு கட்டியிலுமுள்ள எண்களை ஒருங்கே சேமிப்பது இம்முறை. ஒரு பக்கத்துக்கு 256 புள்ளிகளாக உள்ள கனத்தில் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் உள்ளன. ஏட்டு முறையில் அது 256 கோப்புகளாகும். ஏட்டுத் திசையில் ஒரு தளத்தைக் காண ஒரு கோப்புப் போதும், குறுக்குத் திசையிற் காண 256 ஐயும் திறக்கவேண்டும். பக்கத்துக்கு 32 புள்ளிகளான கட்டிகளாக வெட்டினால் 512 கட்டிகள் கிடைக்கும். எத்திசையில் எத்தளத்தை வேண்டினாலும் அவற்றுள் 64 ஐ, அதாவது முழுமையில் எட்டில் ஒரு பங்கை, வாசித்தாற் போதும். ஏட்டுத் திசையிற் சிறிது இழப்பு. மற்றத் திசைகளிற் பெரும் ஆதாயம். கணக்கிடுவோர் ஏட்டையும், திரையில் முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்கும் புரட்டிப் பார்ப்போர் செங்கல்லையும் விரும்பியது இதனாலேயே. சன் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பாக்கி என்னும் செய்நிரல் செங்கல் முறையைக் கையாண்டது. ஏடுகளாயிருந்த திருசியத்தை அதற்குக் கொடுக்குமுன் அவற்றை ஒரே கோப்பாகத் தொடுத்து, பின்னர் கட்டிகளாக மாற்றவேண்டியிருந்தது.

ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றும்போதே பிழை நுழையும் வாயிலும் திறக்கின்றது. கோப்பில் உள்ளவை வெறும் எண்கள். எவ்வச்சு ஐதரசனுடையது, எவ்வச்சு நைதரசனுடையது, அச்சின் தொடக்கம் எம்மீடிறன், அதன் அகலம் எவ்வளவு என்பவற்றைக் கோப்பின் தலைப்பகுதி சொல்லவேண்டும். தலைப்பகுதி தவறினால் எண்கள் அனைத்தும் சரியாயிருந்தும் படம் பொய்யாகும். அச்சு தலைகீழாகவோ இடம் பெயர்ந்தோ தோன்றும். நேரத்தை மிச்சப்படுத்த அச்சின் அகலத்தைக் குறுக்கிப் பதிவதும் வழக்கம். அப்போது எல்லைக்கு வெளியேயுள்ள சிகரம் மடிந்து, மறுகரையில், தனக்குரியதல்லாத தளத்திற் போய் நிற்கும். அகலம் இத்துணை எனத் தலைப்பகுதி கூறினாலன்றி அச்சிகரத்தை அதன் மெய்யிடத்துக்கு மீட்டல் அரிது.

தளங்களைத் தனித்தனியே நோக்குவதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. முப்பரிமாணச் சிகரம் ஓர் உருண்டை போன்றது. அது பல தளங்களை ஊடறுத்து நிற்கும். எலுமிச்சங்காயைத் துண்டு துண்டாக அரிந்தால் எல்லாத் துண்டுகளிலும் வட்டம் தோன்றுவதுபோல, ஒரே சிகரம் 40 ஆம் தளத்திலும் 41 ஆம் தளத்திலும் 42 ஆம் தளத்திலும் வட்டமாகத் தோன்றும். தளந்தளமாக எண்ணுபவர் ஒன்றை மூன்றெனக் கணக்கிடுவர். மறுபுறம், அருகருகே உள்ள இரு சிகரங்கள் ஒரு தளத்தில் ஒன்றாய்க் கலந்து, அடுத்தடுத்த தளங்களில் மட்டும் பிரிந்து தோன்றுவதும் உண்டு. ஒரு தளத்தோடு நின்றவர் இரண்டை ஒன்றெனக் கொள்வர். ஆகவே நல்ல செய்நிரல் முன்பின் தளங்களையும் பார்த்து, உருண்டையின் நடுவிடத்தைத் தளங்களுக்கிடையே கணித்துக் காட்டும். தவறான சிகரம் ஒன்று தவறான தூரத்தைத் தரும். தவறான தூரம் புரதச் சங்கிலியைத் தவறான இடத்தில் மடிக்கும். வியூட்ரிச்சும் ஹூபரும் அரிதின் நிலைநாட்டிய நம்பிக்கை, இத்தகைய நுண்ணிய கணக்குகளின் மீதே தங்கியிருக்கின்றது.

தளங்களைப் படிப்பதை எளிதாக்கிய மற்றோர் உத்தி கீற்று முறை. ஒவ்வொரு நைதரசன் தளத்திலும் வேண்டிய ஐதரசன் கருவைச் சுற்றியுள்ள ஒடுங்கிய பகுதியை மட்டும் நெடுக்காக அறுத்தெடுத்து, கீற்றுகளைப் பக்கம் பக்கமாக நிறுத்துவர். ஒரு கீற்றின் சிகரமும் அடுத்த கீற்றின் சிகரமும் ஒரே உயரத்தில் நின்றால் அந்தாதித் தொடர்பு கண்ணுக்கு நேரே விளங்கும். நூற்றுக்கணக்கான கீற்றுகளுள் எதற்கு எது பொருந்தும் எனக் கணினியே தேடித் தருவதும் பின்னர் வழக்கமாயிற்று.

ஆய்வுகூடங்கள் பலவும் தத்தம் செய்நிரலையும் தத்தம் கோப்பு முறையையும் வைத்திருந்தமையால், ஒருவர் பதிந்ததை மற்றவர் திறக்க முடியாத நிலை தோன்றிற்று. இதனைத் தீர்க்கும் முயற்சியில் கேம்பிறிச் பல்கலைக்கழகத்து ஏர்னஸ்ற் லோவும் அவரைச் சார்ந்தோரும் ஈடுபட்டனர். 1987 இலேயே, காத்திருப்புப் படிகள் அனைத்தையும் அளவாமற் சிலவற்றைத் தேர்ந்தளந்து நேரத்தைச் சுருக்கும் முறையை வெளியிட்டோருள் லோவும் ஒருவர். அவர் முயற்சியிலே தோன்றிய கூட்டுத் திட்டம், பல செய்நிரல்களுக்கும் பொதுவான தரவமைப்பை வகுத்தது. அதன்மேல் அமைந்த அனலிசிஸ் என்னும் செய்நிரல் 2005 இல் கட்டுரை வாயிலாக அறிமுகமாயிற்று. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே தொடங்கிய உயிர்மூலக்கூற்றுப் பரிவுத் தரவுக் களஞ்சியம், புரதங்களின் மீடிறன் பட்டியல்களை எல்லோரும் எடுத்தாளுமாறு திரட்டிற்று. கணக்கிட்ட முடிவை மட்டுமன்றி, முடிவுக்கு ஆதாரமான அளவைகளையும் காத்தல் வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது.

இவ்வளவும் எதற்கு என்று வினவுவார்க்கு மருந்தியல் விடை கூறும். 1996 இல், அமெரிக்காவில் அபொட் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீவன் பெசிக் முதலியோர், புரதத்தின் இருபரிமாணத் திருசியத்திற் சிகரங்கள் நகர்வதைக் கொண்டு, எந்தச் சிறு மூலக்கூறு அப்புரதத்தின் எவ்விடத்திற் போய் ஒட்டுகின்றது என்பதை அறியும் முறையை வகுத்தனர். எச்சிகரம் எவ்வமினோவமிலத்துக்கு உரியது என்பது முன்னரே தெரிந்திருந்தாலன்றி, ஒட்டும் இடத்தைச் சுட்டுதல் ஆகாது. அதனைத் தெரிவிப்பவை முப்பரிமாணத் திருசியங்களே. அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி, 2016 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற வெனெற்றோகிளக்ஸ் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்துக்கு வழிகோலியவற்றுள் ஒன்றாயிற்று.

மெழுகுக் கட்டியில் ஒரு குரலைக் கேட்டதிலிருந்து, அடுக்கிய தளங்களில் ஆயிரக்கணக்கான சிகரங்களைப் படிப்பது வரையும் அரை நூற்றாண்டுக்கும் குறைந்த காலமே சென்றது. அதற்கிடையே வலிய காந்தங்களை ஆக்கியோரும், துடிப்புகளை வகுத்தோரும், பற்றீரியாக்களை வளர்த்தோரும் பெற்ற புகழ் பெரிது. அளவைகளை ஒழுங்காக எழுதிவைத்தோரும், அச்சுகளுக்குச் சரியான பெயரிட்டோரும், ஒரு தளத்திலிருந்து மறுதளத்துக்குச் செல்லும் வழியை அமைத்தோரும் அத்துணைப் புகழ் பெற்றிலர். ஒன்றரை நாள் முயன்று பதிந்த கனமொன்று, தலைப்பகுதியில் ஓர் எண் பிழைத்தமையாற் பொய்யுரைக்கும். அதே கனம், செவ்வையாகப் பேணப்பட்டால், பதிந்தவர் மறைந்த பின்னரும் புதிய கேள்விகளுக்கு விடையளிக்கும். ஏடு காத்தவரை நன்றியோடு நினைக்கும் மரபிலே வந்தோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.